சாட்சியும் மௌனமும்: கிரேக்க உள்நாட்டுப் போரும் ஜிலாஸின் நூலும்

1946 முதல் 1949 வரை கிரேக்கத்தில் நிகழ்ந்த உள்நாட்டுப் போரைப்பற்றி இடதுசாரிகளிடையே பேச்செழும்போதெல்லாம், அங்குப் போராடிய கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களை ஸ்டாலின் கைவிட்டார் என்னும் முடிபு முன்வைக்கப்படுவது வழக்கம். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது பெரும்பாலும் ஒரே நூல்: யூகோஸ்லாவியக் கட்சித் தலைவர்களுள் ஒருவராயிருந்த மிலோவன் ஜிலாஸ் எழுதி 1962இல் வெளிவந்த 'ஸ்டாலினுடன் உரையாடல்கள்'. இந்நூலை எவ்வளவு தூரம் சாட்சியமாகக் கொள்ளலாம் என்பதே எமது வினா.

நூலின் உச்சக்கட்டம் 1948 பெப்ரவரி 10ஆம் நாள் கிரெம்ளினில் நடைபெற்ற கூட்டமாகும். பல்கேரியாவின் திமித்ரொவ், கொலரொவ், கொஸ்தொவ் ஆகியோர் ஒரு புறமும், யூகோஸ்லாவியாவின் கார்டெல்ய், பகாரிச், ஜிலாஸ் ஆகியோர் மறு புறமும் இருக்க, கிரேக்கக் கிளர்ச்சி விரைவில் முடிவுக்கு வரவேண்டுமென ஸ்டாலின் கூறுகிறார். மத்தியதரைக் கடற்பாதையைப் பிரித்தானியாவும் ஐக்கிய அமெரிக்காவும் விட்டுக்கொடா. எம்மிடமோ கடற்படை இல்லை என்பது அவர் வாதம். கணக்காளர் ஒருவரின் தொனி அது. அங்கிருந்தோருள் கொஸ்தொவ், மறு ஆண்டு டிசம்பரில், டிட்டோவின் கையாள் எனக் குற்றஞ்சாட்டப்பட்டுத் தம் நாட்டிலேயே தூக்கிலிடப்பட்டார்.

இக்காட்சியின் உண்மையை நாம் ஐயுறவில்லை. 1947 டிசம்பரில் கெரில்லாக்கள் அமைத்த தற்காலிக அரசாங்கத்தை மாஸ்கோ அங்கீகரிக்கவில்லை என்பது அதற்கு இயைபுடையதே. ஆயின் பெல்கிரேடும் அதனை அங்கீகரிக்கவில்லை என்பதை இக்காட்சியை எடுத்தாள்வோர் நினைவுகூர்வதில்லை. ஜிலாஸ் நல்ல எழுத்தாளர். காட்சியின் வலிமையே வாசகரைத் தடுமாறச் செய்கிறது.

நூலின் கதை அக்கூட்டத்தோடு அநேகமாக முடிந்துவிடுகிறது. கிரேக்கத்தின் கதை முடியவில்லை. 1948 ஜூன் 28ஆம் நாள் யூகோஸ்லாவியக் கட்சி கொமின்போர்மிலிருந்து விலக்கப்பட்டது. சகாரியாதிஸ் தலைமையிலான கிரேக்கக் கட்சி கொமின்போர்மின் பக்கமே நின்றது. 1949 ஜனவரியில் அக்கட்சியின் மத்திய குழு, கெரில்லாப் படைத் தளபதி மார்க்கோஸை நீக்கியதோடு, ஸ்லாவிய மசிடோனியருக்குச் சுயநிர்ணய உரிமை என்னும் கோஷத்தையும் ஏற்றது. தன் எல்லைக்குள் மசிடோனியக் குடியரசொன்றைக் கொண்டிருந்த பெல்கிரேட் இதனைத் தனக்கெதிரான ஆயுதமாகவே கண்டது. 1949 ஜூலை 10ஆம் நாள், பூலா நகரில் ஆற்றிய உரையில், கிரேக்க எல்லை படிப்படியாக மூடப்படுமென டிட்டோ அறிவித்தார். ஆகஸ்டில் வீற்சியும் கிராமோஸும் வீழ்ந்தன. அவ்வேளை ஜிலாஸ் தம் கட்சியின் உயர்பீடத்தில் இருந்தவர்; 1954 வரை அவர் பதவியிழக்கவில்லை.

ஸ்டாலினுடன் நடந்த உரையாடல்களைப் பற்றிய நூலில் இவற்றைத் தேடுவது நியாயமா எனக் கேட்கலாம். நியாயமன்று, ஆனால் அதே காரணத்தால், கைவிடப்பட்ட வரலாறு முழுவதையும் அந்நூலின்மீது ஏற்றுவதும் நியாயமன்று. இங்கே குற்றம் ஆசிரியரிடம் இருப்பதிலும் அவரை வாசித்த எம்மிடமே மிகுதி.

யூகோஸ்லாவியாவையே குற்றவாளியாக்குவதும் எமது நோக்கமன்று. முதலிரு ஆண்டுகளில் ஆயுதமும் காயமுற்றோருக்கான சிகிச்சையும் பெருமளவில் அங்கிருந்தே வந்தன. பின்வாங்கி வந்தோரை அல்பேனியா நிராயுதபாணிகளாக்கியது. மலைப்போரைக் கைவிட்டு நிலையான அரண்களைக் காத்து நிற்கும் போருக்குத் தம் படையைத் திருப்பிய சகாரியாதிஸின் தவறு தனியே ஆராயப்பட வேண்டியது.

ஆயின் மூன்று தலைநகரங்களின் கணக்கிலும் இடம்பெறாதோர் இருந்தனர். போரின் இறுதிக்கட்டத்தில் கெரில்லாப் படையின் பெரும் பகுதியினர் ஸ்லாவிய மசிடோனியக் கிராமத்தவர். அவர்களது உரிமை, ஜனவரியில் கோஷமாகி, தோல்விக்குப்பின் கட்சியாலேயே கைவிடப்பட்டது. எல்லை கடந்து கிழக்கு ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்ட 25,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளுள் அவர்களது பிள்ளைகள் மிகப் பலர். 1982இல் ஏதென்ஸ் அரசு அரசியல் அகதிகள் நாடு திரும்ப அனுமதித்தபோது, அவ்வனுமதி 'கிரேக்க இனத்தவர்' என்ற வரையறைக்குள் அடக்கப்பட்டது. அவ்வரசை அமைத்திருந்தது ஒரு சோஷலிசக் கட்சி.