செவிவழி வந்த குட்டி இளவரசன்

சிறுவர் இலக்கியம் சிறுவர்க்கு மட்டுமே உரியதன்று என்பதற்குக் ‘குட்டி இளவரசன்’ ஒன்றே போதிய சான்று. பிரெஞ்சு விமானி செந்த்-எக்சுபெரி, போர்க்காலத்தில் நியூயார்க்கில் தங்கியிருந்தபோது எழுதி, தாமே படங்களும் வரைந்து, 1943-இல் வெளியிட்ட புதினம் இது. மறு ஆண்டு ஜூலை 31-இல் விமானத்தில் சென்ற அவர் திரும்பவேயில்லை. வெ. ஸ்ரீராம், ச. மதனகல்யாணி இருவரின் மொழிபெயர்ப்பில் 1981-இல் க்ரியா இதனைத் தமிழில் வெளியிட்டது.

முன்பு கண்ணால் படித்த இந்நூலை அண்மையில் கீழ்பென்னாத்தூரில் செவியால் மீண்டும் சந்தித்தோம். கண்பார்வை மங்கிய எம் தாயாருக்காக, வீட்டுப் பேத்தி நாளுக்கோர் அதிகாரமாக வாசித்துக் கைப்பேசியில் பதிவு செய்தாள். 27 அதிகாரங்கள், 27 இரவுகள்.

தொடக்கத்தில் நமக்கு ஐயமே மிகுந்திருந்தது. யானையை விழுங்கிய மலைப்பாம்பின் படத்தைப் பெரியவர்கள் தொப்பி என்று கொள்வதிலன்றோ கதை தொடங்குகிறது! படமின்றி அந்நகைச்சுவை சற்று மங்கவே செய்தது. ஆனால் அடுத்த காட்சியில் நாம் தோற்றோம். ஆட்டுப்படம் கேட்டு நச்சரிக்கும் இளவரசனிடம், விமானி ஒரு பெட்டியை வரைந்து, ஆடு அதனுள் இருப்பதாகச் சொல்கிறான். அன்று நூலில் நாம் கண்டது துளையிட்ட பெட்டியை மட்டுமே. தாயாரோ, “ஆடு தூங்குதா?” என்று கேட்டார். இளவரசன் கண்டதும் உறங்கும் ஆட்டைத்தான்!

பிரான்சில் 1954-இல் நடிகர் ழெரார் பிலிப் விமானியாகக் குரல் தந்த இசைத்தட்டு பெரும்புகழ் பெற்றது. அத்தகைய தேர்ச்சி நம் சிறுமிக்கு இல்லை. சொற்களில் தடுக்கினாள், மூச்சு வாங்கினாள். எனினும் அந்த நிதானமே நமக்கு நன்மையாயிற்று. கண் வரிகளைத் தாவிச் செல்லும். செவிக்கு அது இயலாது. விண்மீன்களை எண்ணி எண்ணித் தன்னுடைமை என்று குறித்து வைக்கும் வணிகனை அன்று விரைந்து கடந்திருந்தோம். இம்முறை அவன் கணக்கு முழுவதையும் கேட்க நேர்ந்தது. அதில் நம் கணக்கும் இருந்தது. வள்ளுவர் ‘கேள்வி’க்குத் தனி அதிகாரமே வகுத்தது வீணன்று.

ஆயினும் குரலுக்கும் எல்லை உண்டு. இளவரசன் மறைந்தபின் வரும் இறுதிப் படத்தில் பாலைவெளியும் ஒரு விண்மீனும் மட்டுமே. அவ்வெறுமையை எந்தக் குரல் தரும்? சிறுமி வாசிப்பை நிறுத்திச் சொன்னாள்: “ரெண்டு கோடு, மேல ஒரு நட்சத்திரம். அவ்வளவுதான் பாட்டி.”

தாயார் நெடுநேரம் பேசவில்லை.

ஒலிநூல் அச்சுநூலுக்கு மாற்றாகாது. ஆனால் ஒருவருக்காக ஒருவர் வாசிக்கும்போது, நூல் இழந்ததை அன்பு ஈடுசெய்கிறது. கண் மங்கிய முதியோரும் எழுத்தறிந்த சிறாரும் நம் இல்லங்களில் அருகருகே வாழ்கின்றனர். இரவுக்கு ஓர் அதிகாரம் வாசிக்க நமக்கு நேரமில்லையா?