போரும் புதினமும்

போர் புனைகதையை எவ்வாறு மாற்றுகிறது என்னும் வினாவுக்கு அமெரிக்க எழுத்தாளர்களையே சான்று காட்டுவது திறனாய்வாளர் வழக்கம். 1918இல் இத்தாலியப் போர்முனையில் செஞ்சிலுவைச் சங்க ஊழியராய்க் காயமுற்ற ஹெமிங்வே, 1925இல் வெளிவந்த ‘சோல்ஜர்ஸ் ஹோம்’ சிறுகதையில் களத்தைக் காட்டவில்லை; ஊர் திரும்பி, வீட்டோடு ஒட்ட இயலாது தவிக்கும் இளைஞனையே காட்டினார்.

தமிழில் இவ்வுண்மையைக் கண்டவர் ப. சிங்காரம். சிங்கம்புணரியில் 1920இல் பிறந்து, 1938இல் மேடானுக்குப் பிழைக்கச் சென்று, ஜப்பானியர் ஆட்சியைக் கண்ணாரக் கண்டு, 1946இல் தாயகம் மீண்டவர். அவருடைய ‘கடலுக்கு அப்பால்’ (1959) நாயகன் செல்லையா, பினாங்கு வட்டிக்கடையில் அடுத்தாள். இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து மீள்கிறான். துப்பாக்கி ஏந்திய கை இனிப் பேரேட்டுக்கு உதவாது எனக் கருதும் முதலாளி, மகள் மரகதத்தை அவனுக்குத் தர மறுக்கிறார். அவர் கொடியவர் அல்லர். தம் தொழிலின் நீதியை அறிந்தவர். அதனாலேயே அம்மறுப்பு நம்மைச் சுடுகிறது.

மொழிநடையிலோ இருவரும் எதிரெதிர்த் துருவங்கள். ஹெமிங்வே சொற்களைக் களைந்தார். சிங்காரம் ‘புயலிலே ஒரு தோணி’யில் (1972) கொட்டினார். பழந்தமிழ்ப் பெருமிதமும் கடைத்தெருப் பேச்சும் மலாய்ச் சொற்களும் பாண்டியனின் மனத்தில் மோதுகின்றன. குடிமேசை உரையாடல்கள் சில மிகையே, சுருக்கியிருக்கலாம். ஆயினும் மேடானில் வெட்டுண்ட தலைகளைக் காட்சிக்கு வைக்கும் பகுதியைப் படித்தபின், வீரம் பேசும் நம் செய்யுள்களை முன்போல் வகுப்பில் முழங்க என்னால் இயலவில்லை.

நான் வாழும் புக்கிட் பாத்தோக்கில், தம் படையில் மாண்டோர்க்காக ஜப்பானியர் 1942இல் எழுப்பிய நினைவுச்சின்னம் 1945இல் அழிந்தது. குன்றேறும் படிகள் எஞ்சியுள்ளன. அதற்கு உழைத்தவர் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகள். கட்டியவர் யார் என மாணவர் கேட்பதுண்டு. அவ்வினாவைச் சிங்காரத்திடமும் கேட்கலாம். அவர் எழுதியது பெரும்பாலும் கடைப்பையன்களின் போர். தோட்டக் கூலித் தமிழன் அதில் ஓரத்திலேயே நிற்கிறான். சயாம் இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட அவனை நடுவில் நிறுத்த ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ வரவேண்டியிருந்தது. பாதை முடிந்தது 1943இல். புதினம் வந்தது 1993இல்.