கூண்டுக்குள் கண்டதெல்லாம் இயற்கையா?

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் வயல் வரப்பிலும் வேலிச் செடியிலும் சற்றுப் பொறுமையாகத் தேடினால் கும்பிடு பூச்சி கண்ணில் படும். அதைப் பற்றி ஒரு மாணவரிடம் கேட்டுப் பாருங்கள். "பெண் பூச்சி ஆண் பூச்சியைத் தின்றுவிடும்" என்று உடனே பதில் வரும். நேரில் பார்த்தாயா என்று கேட்டால், "படித்திருக்கிறேன்" என்பார். எதில் படித்தார்? தேடிக்கொண்டே போனால், இச்செய்தியைப் புகழ் பெறச் செய்தவர்களுள் முதன்மையான ஒருவரிடம் வந்து சேர்வோம். அவர்தான் பிரெஞ்சுப் பூச்சியியலறிஞர் ழான் ஆன்றி ஃபாபர் (1823–1915).

ஃபாபர் எழுதிய 'பூச்சியியல் நினைவுகள்' என்னும் பெருநூலின் ஐந்தாம் தொகுதி 1897-இல் வெளிவந்தது. கும்பிடு பூச்சியை வீட்டில் வளர்த்து, அதன் வாழ்க்கையை நாள்தோறும் கவனித்த வரலாறு அதில் உள்ளது. அவருடைய கருவிகள் மிக எளியவை: மணல் நிரப்பிய மண் தட்டு, அதன்மேல் கவிழ்த்த கம்பி வலைக் கூண்டு, உள்ளே ஒரு காய்ந்த செடி, ஒரு தட்டைக் கல். பூச்சிகளுக்கு இரை பிடித்துத் தந்தவர்கள் அக்கம்பக்கத்துச் சிறுவர்கள். பெரிய ஆய்வுக்கூடம் இல்லாமலே அறிவியல் செய்யலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடநூல் கிடைப்பது அரிது. இன்றும் நம் மாணவர்கள் படிக்க வேண்டிய நூல் இது.

ஆனால் இந்நூலைப் பாராட்டுவது வேறு, அதன் முடிவுகளை அப்படியே ஏற்பது வேறு. ஒரே பெண் பூச்சி இரண்டு வாரங்களில் ஏழு ஆண்களைத் தின்றதாக ஃபாபர் எழுதுகிறார். அவர் கண்டது பொய்யன்று. எனினும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அது பூச்சியின் இயல்பா, அல்லது கூண்டின் விளைவா?

இயற்பியலில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 10 வோல்ட் மின்கலத்துடன் இரண்டு 10,000 ஓம் மின்தடைகளைத் தொடராக இணையுங்கள். ஒவ்வொன்றின் குறுக்கேயும் 5 வோல்ட் இருக்கும். இப்போது 10,000 ஓம் மின்தடை கொண்ட வோல்ட் மீட்டரால் ஒன்றை அளந்தால், அது ஏறத்தாழ 3.3 வோல்ட்தான் காட்டும்! மீட்டர் பழுதன்று. அதை இணைத்ததால் மின்சுற்றே மாறிவிட்டது. ஃபாபரின் கூண்டும் இத்தகைய ஒரு மீட்டர்தான். வெளியில் ஆண் பூச்சி பறந்து தப்பலாம். கூண்டில் அதற்கு வழியில்லை. கூண்டில் இரைக்குக் குறைவில்லை என்று ஃபாபர் சொல்கிறார். ஆனால் ஒவ்வொரு பெண்ணும் கடைசியாக எப்போது உண்டது என்னும் கணக்கை வாசகருக்குத் தரவில்லை.

பின்னர் வந்தவர்கள் அந்தக் கணக்கையும் சேர்த்துக்கொண்டார்கள். 1984-இல் லிஸ்கே, டேவிஸ் என்னும் இருவர் சீனக் கும்பிடு பூச்சிகளுக்கு வயிறார உணவு கொடுத்து, அறையில் ஆளில்லாமல் வீடியோவில் பதிவு செய்தனர். 30 புணர்ச்சிகளில் ஒரு ஆண் கூட உண்ணப்படவில்லை! அப்படியானால் ஃபாபர் சொன்னது கட்டுக்கதையா? அதுவும் இல்லை. 1992-இல் லாரன்ஸ் என்பவர் வெளியிட்ட திறந்தவெளி ஆய்வில், ஐரோப்பியக் கும்பிடு பூச்சிகளின் புணர்ச்சிகளில் சுமார் 31 சதவீதத்தில் ஆண் உண்ணப்பட்டது. 2016-இல் வெளியான மற்றோர் ஆய்வின்படி, ஆணை உண்ட சீனக் கும்பிடு பூச்சிகள் சராசரியாக 88 முட்டைகள் இட்டன. உண்ணாதவை 37 அளவிலேயே இட்டன. ஆகவே இந்நிகழ்ச்சி உண்மையே, பயனுடையதும்கூட. ஆனால் விதி அன்று. பசி, இனம், இடம் இவற்றைப் பொறுத்து மாறுவது.

ஃபாபரின் நடையிலும் ஒரு குறை உண்டு. பூச்சியை வேடதாரியாகவும் கொடியவளாகவும் சித்திரிக்கிறார். படிக்கச் சுவைதான். ஆனால் 'கொடுமை' என்று பெயரிட்டுவிட்டால், 'ஏன்?' என்று கேட்கத் தோன்றாது அல்லவா?

வளர்க்க விரும்பும் வாசகர்களே, ஐரோப்பிய நூல்களின் குறிப்புகளை அப்படியே பின்பற்ற வேண்டாம். ஃபாபரின் ஊரில் முட்டைகள் குளிர்காலம் முழுதும் காத்திருந்து, ஜூனில்தான் பொரிக்கும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் பெரிய பச்சை இனமான ஹீரோடுலா மெம்ப்ரனேசியாவின் முட்டைகள் வெப்பமான சூழலில் சில வாரங்களிலேயே பொரித்துவிடும். அங்கே கூண்டைச் சூடாக்க வேண்டும். இங்கே சூடாகாமல் காக்க வேண்டும். வெயிலில் வைத்த மூடிய கண்ணாடிப் பாட்டில் சிறிது நேரத்தில் அடுப்பாகிவிடும். கடலோரக் காற்றிலோ ஈரம் மிகுதி. அதனால் மூடிய பாட்டிலில் பூஞ்சணமும் பிடிக்கும். வாயில் கொசுவலைத் துணி கட்டிய பாத்திரமே நல்லது.

பாத்திரத்தின் உயரம் பூச்சியின் நீளத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். தோலுரிக்கும்போது அது தலைகீழாகத் தொங்க வேண்டும். இடம் போதாவிட்டால் கால்கள் கோணிவிடும். குஞ்சுகள் ஒன்றையொன்று தின்னும், தனித்தனியே பிரியுங்கள். சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை முட்டைக் கூடு கிடைத்த செடியிலேயே விட்டுவிடுங்கள். அழுகிய வாழைப்பழத்தை மொய்க்கும் சிறு ஈக்கள் குஞ்சுக்கு ஏற்ற முதல் இரை. வளர்ந்தபின் வயிற்றின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்: கண்டங்கள் பெண்ணுக்கு 6, ஆணுக்கு 8.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, வெப்பநிலை, கடைசியாக உண்ட நேரம், பாத்திரத்தின் அளவு ஆகியவற்றை அதில் எழுதுங்கள். பிறகு நீங்கள் கண்டதை எழுதுங்கள். ஆண் உண்ணப்பட்டால் எழுதுங்கள். உண்ணப்படாவிட்டாலும் தவறாமல் எழுதுங்கள். வியப்பான நிகழ்ச்சியை எல்லோரும் குறித்துவைப்பார்கள். ஒன்றும் நிகழாத நாளையும் குறித்துவைப்பவருடைய கணக்கையே நாம் நம்பலாம்.