உதைக்க மறுத்த டெட்ராய்ட்

ஜாஷ் ரெனால்ட்ஸின் கைகளில் பட்ட பந்து நழுவித் தரையில் விழுந்தது. 2024 ஜனவரி 28, சாண்டா கிளாரா, மூன்றாவது கால்பகுதி. டெட்ராய்ட் லயன்ஸ் 24, சான் பிரான்சிஸ்கோ ஃபோர்ட்டி நைனர்ஸ் 10. ஜெயித்தால் லயன்ஸ் அணிக்கு லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலில் முதல் வாய்ப்பு. நான்காவது டவுன், தேவை இரண்டே யார்டு. ஜாரெட் காஃப் எறிந்த பந்து கைக்கு எட்டியது, கையில் நிற்கவில்லை.

அமெரிக்கக் கால்பந்தில் 10 யார்டு முன்னேற நான்கு முயற்சிகள் உண்டு; ஒவ்வொன்றும் ஒரு டவுன். மூன்றில் முடியாதபோது நான்காவதில் பெரும்பாலான அணிகள் ஒன்று பந்தைத் தூரமாக உதைத்து எதிரணியைப் பின்னுக்குத் தள்ளும், இல்லையென்றால் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளியோடு திருப்தி அடையும். துணிந்து ஆடித் தவறினால், தவறிய இடத்திலேயே பந்து எதிரணிக்குப் போய்விடும். அன்று பயிற்சியாளர் டான் கேம்ப்பெல் உதைக்கச் சொல்லியிருந்தால் ஏறத்தாழ 46 யார்டு தூரம். உள்ளே போயிருந்தால் 27-10. அவர் ஆடச் சொன்னார். லயன்ஸ் 31-34 என்று தோற்றது. மறுநாள் காலை முதல் அவர் தலைதான் உருண்டது.

அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் ஏற்க முடியவில்லை. அந்த முடிவைத் தவறு என்று சொல்கிறவர்கள் 2023 பருவம் முழுவதையுமே தவறு என்று சொல்லியாக வேண்டும். லயன்ஸ் அந்த மைதானம் வரை வந்து சேர்ந்ததே அப்படி ஆடித்தான்.

பருவத்தின் முதல் இரவை எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 7, கான்சஸ் சிட்டி. எதிரே நடப்புச் சாம்பியன் சீஃப்ஸ். புள்ளிக்கணக்கு இன்னும் தொடங்கவில்லை. லயன்ஸ் தன் சொந்த 17 யார்டு கோட்டில் முடங்கிக் கிடக்கிறது. நான்காவது டவுன், தேவை இரண்டு யார்டு. உதைக்க வந்த அணி உதைக்கவில்லை. பந்து நேராக ஜேலன் ரீவ்ஸ்-மேபினிடம் போக, அவர் கூட்டத்துக்குள் புகுந்து மூன்று யார்டு எடுத்துவிட்டார். அந்த நகர்வு 91 யார்டு நீண்டு, எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டி டச் டவுனில் முடிந்தது. இறுதிக் கணக்கு 21-20. ஒற்றைப் புள்ளியில் ஜெயித்த ஆட்டத்தில் அந்த மூன்று யார்டின் விலையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதே வித்தையை நன்றி நவிலல் நாளில் கிரீன் பே பாக்கர்ஸ் அணியிடம், சொந்த 23 யார்டு கோட்டில் காட்டப் போய்ச் சிக்கிக்கொண்டதும் உண்மைதான். பந்தைப் பறிகொடுத்து, உடனே டச் டவுனும் கொடுத்து, 22-29 என்று தோற்றார்கள். அதை மறைத்துவிட்டுக் கேம்ப்பெல்லுக்காகப் பேசுவது நேர்மையாகாது.

ஆனால் என்னைக் கேட்டால், அந்த அணியை முழுதாகப் புரிந்துகொள்ள நவம்பர் 12 அன்று சார்ஜர்ஸ் அணியுடன் நடந்த ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடம் போதும். 38-38. இன்னும் 1:47 மீதி. எதிரணியின் 26 யார்டு கோடு, மறுபடியும் நான்காவது டவுன், மறுபடியும் இரண்டு யார்டு. உதைத்தால் மூன்று புள்ளி முன்னிலை கிடைக்கும், ஆனால் பந்து சார்ஜர்ஸின் ஜஸ்டின் ஹெர்பர்ட் கைக்குப் போகும். அன்று அவரை யாராலும் கட்டுப்படுத்த முடியவில்லை. காஃப் எறிந்தார். அறிமுக ஆட்டக்காரர் சாம் லபோர்ட்டா ஆறு யார்டு எடுத்தார். அதன் பிறகு நேரத்தைக் கரைத்துவிட்டு, கடைசி நொடியில் ரைலி பேட்டர்சன் 41 யார்டிலிருந்து உதைக்க 41-38. ஹெர்பர்ட் பந்தைத் தொடவே இல்லை.

தன் தடுப்பாட்டத்தை நம்ப முடியாத பயிற்சியாளர் எடுத்த முடிவு அது. ஐடன் ஹட்சின்சன் 11.5 சாக்குகளோடு (பந்தை எறியும் முன்பே எறிபவரை வீழ்த்துவது) முன்வரிசையைத் தாங்கினாலும், எதிரணி எறியும் பந்தைத் தடுப்பதில் லயன்ஸ் லீக்கின் கடைசி வரிசையில்தான் இருந்தது. 17 ஆட்டங்களில் எடுத்தது 461 புள்ளி, கொடுத்தது 395. பென் ஜான்சன் வகுத்த தாக்குதல் லீக்கிலேயே முதல்தரம். அமோன்-ரா செயின்ட் பிரவுன் 1,515 யார்டு, டேவிட் மாண்ட்கோமரி ஓடியே 1,015 யார்டு, அவருக்குத் துணையாக ஜாமிர் கிப்ஸ். இப்படிப்பட்ட கையும் அப்படிப்பட்ட காலும் உள்ள அணி பந்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ள முயல்வதுதான் கணக்கு. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது சூதாட்டமாகத் தெரிந்தது.

டெட்ராய்ட் எவ்வளவு காலம் காத்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கடைசிக் கோப்பை 1957-இல். அதற்குப் பிறகு 2023 வரை பிளே ஆஃபில் ஒரே ஒரு வெற்றி, 1992 ஜனவரியில். கார்த் தொழில் ஆட்டம் கண்ட 2008-இல் லயன்ஸ் 16 ஆட்டங்களையும் தோற்றது. அந்த அணியில் ஆட்டக்காரராக இருந்தவர்களில் ஒருவர் இதே கேம்ப்பெல். 2021-இல் பயிற்சியாளராகத் திரும்பி வந்தார். முதல் பருவத்தில் மூன்றே வெற்றி. அடுத்த ஆண்டு 1-6 என்று தொடங்கி 9-8 என்று முடித்தார்கள். 2023-இல் 12-5, 1993-க்குப் பிறகு முதல் பிரிவுப் பட்டம்.

பிளே ஆஃபின் முதல் ஆட்டத்தில் எதிரே வந்து நின்றது லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ். டெட்ராய்ட்டில் 12 ஆண்டு உழைத்த மேத்யூ ஸ்டாஃபோர்டை வாங்கிக்கொண்டு, வேண்டாம் என்று காஃபைத் தள்ளிவிட்ட அணி. ஸ்டாஃபோர்ட் அங்கே போன முதல் ஆண்டே சூப்பர் பௌல் ஜெயித்தார். இப்போது அவர் எதிரணிச் சட்டையில் நிற்க, லயன்ஸின் சொந்த மைதானமான ஃபோர்டு ஃபீல்டு முழுக்க ஜாரெட் காஃப் பெயரைச் சொல்லி முழங்கியது. ராம்ஸ் மூன்று முறை கோட்டை நெருங்கியும் மூன்று புள்ளிக்கு மேல் எடுக்க லயன்ஸ் விடவில்லை. 24-23. தள்ளிவிடப்பட்டவன் தன்னை ஏற்றுக்கொண்ட ஊருக்கு 32 ஆண்டுக் காத்திருப்பை முடித்துவைத்த அந்த இரவுதான் பருவத்தின் உச்சம் என்பேன். அடுத்து வந்த டாம்பா பே அணியை 31-23 என்று தாண்டினார்கள்.

இனி சாண்டா கிளாரா. இடைவேளையில் 24-7. ரெனால்ட்ஸ் தவறவிட்ட கொஞ்ச நேரத்தில், ஃபோர்ட்டி நைனர்ஸின் பிராக் பர்டி தூக்கியெறிந்த பந்து லயன்ஸின் கிண்டில் வில்டோரின் முகக்கவசத்தில் பட்டு எகிற, பிராண்டன் ஐயுக் விழுந்துகொண்டே பிடித்தார். 51 யார்டு. எந்தப் பயிற்சியாளராலும் திட்டமிட முடியாத, தடுக்கவும் முடியாத பந்து அது. அடுத்து கிப்ஸ் பந்தை நழுவவிட, 24-24. 27-24 என்று பின்தங்கியபோது மீண்டும் ஒரு நான்காவது டவுன். கேம்ப்பெல் மறுபடி ஆடச் சொன்னார், மறுபடி தவறியது. இடைவேளைக்குப் பிறகு ஃபோர்ட்டி நைனர்ஸ் தொடர்ச்சியாக 27 புள்ளி எடுத்துவிட்டது.

நான் குறை சொல்லும் இடம் இதற்கும் பின்னால் இருக்கிறது. 34-24, ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் மீதி, எதிரணிக் கோட்டுக்கு ஒரே யார்டு. மூன்றாவது டவுனில் எறியாமல் மாண்ட்கோமரியை ஓடவிட்டார்கள். அவர் பின்னுக்குத் தள்ளப்பட்டார். கடிகாரத்தை நிறுத்த ஒரு டைம் அவுட் செலவானது. அடுத்த பந்தில் ஜேம்சன் வில்லியம்ஸ் டச் டவுன் எடுத்தும், மீண்டும் பந்தைப் பெற மிச்சமிருந்த ஒரே வழி குறுக்காக உதைத்துப் பாய்ந்து பிடிப்பதுதான். அதுவும் கைகூடவில்லை. அந்த டைம் அவுட் கையில் இருந்திருந்தால் எதிரணியைத் தடுத்து நிறுத்திக் கடைசியாக ஒரு முயற்சி செய்ய நேரம் கிடைத்திருக்கும். நான்காவது டவுன் பற்றி எழுதித் தீர்த்தவர்களில் பலர் இந்த ஓட்டத்தைக் கண்டுகொள்ளவே இல்லை.

ஆட்டம் முடிந்ததும் கேம்ப்பெல் தன் முடிவுகளுக்காக வருந்தவில்லை என்றார். இந்த ஒரு வாய்ப்போடு எல்லாம் முடிந்தும் போகலாம் என்று ஆட்டக்காரர்களிடம் சொன்னதாகவும், தான் அப்படி நம்பவில்லை, ஆனால் இங்கே வந்து சேர்வது எவ்வளவு கடினம் என்று தனக்குத் தெரியும் என்றும் சொன்னார். சொல்லும்போது அவர் கண்கள் சிவந்திருந்தன.