பத்தரைப் பவுண்டுப் படகு

அடிராண்டாக் காட்டின் செயின்ட் ரீஜிஸ் ஏரிகள் பக்கம் போகத் திட்டமிடுகிறவர்கள் வரைபடத்தை விரித்ததும் முதலில் நீல நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். எந்த ஏரி பெரிது, எந்தக் கரையில் நல்ல கூடார இடம் கிடைக்கும், லூன் பறவைகள் எங்கே அதிகம் என்று கேட்கிறார்கள். என் கண் போவது ஒரு நீலத்துக்கும் அடுத்த நீலத்துக்கும் நடுவே ஓடும் புள்ளிக்கோடுகளுக்கு. அடிராண்டாக் காட்டில் துடுப்புப் போடத் தெரியாமல் பயணத்தைக் கெடுத்துக்கொண்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கேரிகளை, அதாவது ஒரு ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குப் படகைத் தூக்கிக்கொண்டு நடக்கும் அந்தப் புள்ளிக்கோட்டுப் பாதைகளை, கணக்கில் வைக்காமல் கெடுத்துக்கொண்டவர்கள் வழியெங்கும் உட்கார்ந்து கால்களை நீவிக்கொண்டிருப்பார்கள்.

கணக்கு எளிது. படகும் மூட்டையும் ஒரே நடையில் போய்விட்டால் அரை மைல் கேரி அரை மைல்தான். சுமையை இரண்டாகப் பிரித்தால், போய், திரும்பி வந்து, மறுபடி போய், ஒன்றரை மைல். 'நைன் கேரீஸ்' பாதை முழுக்க இப்படியே செய்தால் 27 தடவை வேர்களையும் சேற்றையும் தாண்டியாக வேண்டும். ஆகவே எத்தனை நாள், எந்த மாதம் என்பதெல்லாம் அப்புறம். படகின் எடை என்ன, அதைத் தூக்கிய பிறகு முதுகில் இன்னும் எவ்வளவு ஏறும் என்று முதலில் பார்க்க வேண்டும்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தவர் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளி. பென்சில்வேனியாவின் வெல்ஸ்பரோவில் இருந்த ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ், 'நெஸ்மக்' என்ற பெயரில் எழுதியவர். 5 அடி 3 அங்குல உயரம், நோஞ்சான் உடம்பு, போதாததற்குக் காசநோய். அந்தக் காலத்தில் அடிராண்டாக் போகிற பணக்காரர்கள் ஒரு கைடை அமர்த்திக்கொண்டு, அவர் துடுப்பு வலிக்க, அவரே படகைச் சுமக்க, பின்னால் கைவீசி நடந்தார்கள். சியர்ஸிடம் கைடுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. தானே தூக்குகிற மாதிரி ஒரு படகு அவருக்கு வேண்டியிருந்தது.

கான்டன் ஊரில் ஜே. ஹென்றி ரஷ்டன் அதைச் செய்து கொடுத்தார். 1880-இல் ஏறக்குறைய 18 பவுண்டு. அடுத்த ஆண்டு 16. அதுவும் போதவில்லை என்று 1883-இல் வந்ததுதான் 'சேரி கேம்ப்', டிக்கன்ஸ் நாவலில் வரும் குடிகார நர்ஸின் பெயர். 9 அடி நீளம், 26 அங்குல அகலம், எடை பத்தரைப் பவுண்டு. நம் கணக்கில் ஐந்து கிலோ கூட இல்லை. அந்தக் கோடையில் 61 வயது நோயாளி ஒருவர் அதில் தனியாக உட்கார்ந்து, ஓல்ட் ஃபோர்ஜிலிருந்து பால் ஸ்மித்ஸ் ஹோட்டல் வரைக்கும் போய்த் திரும்பினார். 266 மைல். போன கதையை 'ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்' இதழில் எழுதினார்.

ஸ்மித்சோனியனுக்குச் சொந்தமான அந்தப் படகு ப்ளூ மவுண்டன் லேக் அருங்காட்சியகத்தில் இரவலாக இருந்தபோது பார்த்தேன். பார்த்ததும் முதலில் தோன்றுவது நம்பிக்கையின்மைதான். வெள்ளை சிடார் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று விளிம்பு ஏறி நிற்கின்றன. ஒவ்வொன்றும் சுளகின் ஓலை போல அவ்வளவு மெல்லிசு. எடையைக் குறைக்க மரத்தை எடுத்துக்கொண்டே போன ரஷ்டன், பலத்துக்கு விலாக்கட்டைகளை நெருக்கமாகப் போட்டிருக்கிறார். உட்கார இருக்கை கிடையாது. அடித்தளத்திலேயே உட்கார்ந்து இரட்டைத் துடுப்பு போட வேண்டியதுதான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, இதில் ஒரு மனிதர் ராக்கெட் ஏரியைக் கடந்தாரா என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படகை மட்டும் இளைக்க வைத்து நிறுத்தியவர் அல்ல சியர்ஸ். 1884-இல் வந்த தன் 'வுட்கிராஃப்ட்' புத்தகத்தில் சுமைக் கணக்கையே கொடுத்திருக்கிறார். படகு, மாற்றுடை, போர்வைப் பை, இரண்டு நாள் உணவு, கைக்கோடரி, தூண்டில், தோள்பை, எல்லாம் சேர்த்து 26 பவுண்டைத் தாண்டியதில்லை. இன்று கூலர் பெட்டியில் ஐஸ் மட்டுமே அந்த எடைக்குக் கொண்டுபோகிறவர்களைப் பார்க்கிறேன்.

அந்தக் கைடுகள் வலித்த 'கைடுபோட்' படகுதான் அடிராண்டாக்கின் உச்சம் என்று வாதாடும் நண்பர்கள் எனக்கு உண்டு. அழகில் அவர்களோடு சண்டை இல்லை. ஸ்ப்ரூஸ் வேரின் இயற்கையான வளைவிலிருந்து அறுத்தெடுத்த விலாக்கட்டைகள், கண்ணாடி போன்ற பக்கங்கள், எட்டிப் பிடிக்க முடியாத வேகம். ஆனால் அது 60 பவுண்டுக்கு மேல் போகும். தோளில் நுகத்தடி வைத்துத் தூக்க ஒரு கைடின் உடம்பு வேண்டும். அது ஆள் வைத்துக்கொண்டவர்களுக்காக வளர்ந்த படகு. கடல் கயாக் பிரியர்களுக்கும் இதே பதில்தான். அப்பர் சாரனாக்கில் தென்மேற்குக் காற்று எழும்பும்போது கயாக்குக்கு நிகர் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். கிரீன் பாண்டுக்கு வந்து பாருங்கள். கேரி கூப்பிடு தூரம்தான். அதற்கு முன் இரண்டு மூடிகளையும் திறந்து, உள்ளே கைவிட்டுத் துழாவி, சின்னச் சின்ன நீர்ப்புகாப் பைகளை ஒவ்வொன்றாகக் கரையில் பரப்பி, நடந்து, மறுபடி அத்தனையையும் திணிக்க வேண்டும். பக்கத்தில் ஒற்றை மூட்டைக்காரர் அதற்குள் அடுத்த குளத்தின் நடுவில் இருப்பார்.

சியர்ஸின் வாரிசு என்று நான் நினைப்பது ஓல்ம்ஸ்டெட்வில்லில் பட்டறை வைத்திருந்த பீட்டர் ஹார்ன்பெக்கை. சிடாருக்குப் பதில் கெவ்லார். மற்றபடி அதே குட்டைப் படகு, அதே தாழ்ந்த உட்காரல், அதே இரட்டைத் துடுப்பு. 1990-இல் எழுத்தாளர் கிறிஸ்டின் ஜெரோம் சியர்ஸின் பாதையைத் தேடிப் போனது ஹார்ன்பெக் படகில்தான். ஹார்ன்பெக் 2020-இல் காலமானார்.

அந்த மாதிரிப் படகைக் கேட்டு ஒரு வாடகைக் கடையில் நின்றேன். அதெல்லாம் கல்லில் பட்டால் கிழிந்துவிடும் சார் என்று சொல்லி, இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய பிளாஸ்டிக் படகைக் காரின் மேல் கட்டிவிட்டார்கள். கல்லில் படாமல் கரை சேர்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்க அங்கே ஆள் இல்லை. கணுக்கால் தண்ணீரில் இறங்கி நின்று, காலியான படகைத் தூக்கிக் கரையில் வைப்பது ஒரு நிமிட வேலை. இன்று கரைகளில் படகின் மூக்கை மணலில் மோதி ஏற்றும் சத்தம்தான் கேட்கிறது. பாறைகளில் சிவப்பும் பச்சையுமாகப் பிளாஸ்டிக் கீறல்.

திட்டமிடுவதிலும் இதே தேய்மானம். யாரோ போன தடத்தைக் கைபேசியில் இறக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அந்த 'யாரோ' எத்தனை பவுண்டு சுமந்தார் என்று அந்தக் கோடு சொல்லாது. பால் ஜேமிசனின் 'அடிராண்டாக் கனூ வாட்டர்ஸ்: நார்த் ஃப்ளோ' என்ற வழிகாட்டிப் புத்தகம் 1975-இல் வந்தது. ரஷ்டன் பட்டறை இருந்த அதே கான்டனில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர் ஜேமிசன். அந்தப் புத்தகத்தை மேசையில் விரித்து, பக்கத்தில் உயரக்கோட்டு வரைபடத்தை வைத்து, கேரிப் பாதையில் கோடுகள் எங்கே நெருங்குகின்றன என்று விரலால் தொட்டுப் பார்த்தபடி கழித்த குளிர்கால இரவுகள் எனக்குப் பயணத்துக்குக் குறைந்தவை அல்ல. நண்பர் ஒருவர் ஜனவரியிலேயே மூட்டை கட்டி, குளியலறைத் தராசில் நிற்பார். முள் பிடிக்காத இடத்தில் நின்றால் அவிழ்த்து, ஒரு சட்டியை எடுத்து வைத்துவிட்டு மறுபடி நிற்பார்.

காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். மே நடுவிலிருந்து ஜூன் முடிய கருப்பு ஈக்களின் ராஜ்யம். செப்டம்பரில் போங்கள்.

கடைசியில், 'செவன் கேரீஸ்' பாதையை எந்த முனையில் தொடங்குவது என்ற தகராறு. சாரனாக் இன்னிலிருந்து லிட்டில் கிளியர் பாண்டுக்கு இருந்த பழைய கேரி இப்போது சாலையோடு போய்விட்டதால் நடப்பது ஆறுதான். பெரும்பாலோர் லிட்டில் கிளியரில் தொடங்கி பால் ஸ்மித்ஸில் முடிக்கிறார்கள். மிக நீளமான கேரியைத் தெம்பு இருக்கும்போதே முடித்துவிடலாம் என்பது அவர்கள் வாதம். நான் எதிர்த்திசைக்காரன். விடியலில் பால் ஸ்மித்ஸில் படகை இறக்கினால், மோட்டார் படகுகள் எழும் முன்பே லோயர் செயின்ட் ரீஜிஸ், ஸ்பிட்ஃபயர், அப்பர் செயின்ட் ரீஜிஸ் மூன்றையும், அவற்றின் கரையிலுள்ள கோடீஸ்வரர் மாளிகைகளின் படகுத்துறைகளையும் தாண்டிவிடலாம். அப்புறம் பாக், பேர், லிட்டில் லாங், கிரீன் என்று குட்டிக் குளங்கள். பேர் பாண்டின் தெளிந்த தண்ணீரில் மத்தியானம். இரவு செயின்ட் ரீஜிஸ் பாண்டில், மஞ்சள் வில்லை அடித்த இடம் ஒன்றில். சால்மன் மீன் வளர்ப்புக்காக லிட்டில் கிளியரில் மீன் பிடிக்கவும் தங்கவும் தடை என்பதால் மறுநாள் அதை ஒரே மூச்சில் கடந்தாக வேண்டும். அதற்கு முன்னால் நிற்கும் அந்த நீளக் கேரி வரும்போது, மூட்டையில் சாப்பாடு தீர்ந்திருக்கும்.