வாசலில் கழற்றும் சட்டை

தெற்கே ஒரு கோயிலில், கொடிமரத்துக்குச் சற்று முன்னால் அப்பா நின்றுவிட்டார். ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும் என்று தூணில் பலகை மாட்டியிருந்தது. எனக்கு அது பழகிய காரியம். பேசிக்கொண்டே பொத்தான்களைக் கழற்றி, சட்டையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டேன். அப்பா கழற்றவில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்புதான் அவருக்கு இதயத்தில் பைபாஸ் நடந்திருந்தது. கழுத்துக் குழிக்குக் கீழே தொடங்கி மேல்வயிறு வரை இறங்கும் தழும்பு. வீட்டில்கூட பனியன் இல்லாமல் இருக்க மாட்டார். துண்டைப் போர்த்திக்கொண்டு வரலாமா என்று வாசலில் நின்றவரிடம் கேட்டேன். "துண்டை இடுப்புலதான் சார் கட்டணும்" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். அப்பா என் கையைத் தொட்டு, "நீ போய்ப் பாத்துட்டு வாப்பா, நான் இங்கனயே கும்பிட்டுக்கிறேன்" என்றார்.

வழிபாட்டுக்கு வருகிறவர்கள் இன்னதுதான் உடுத்த வேண்டும் என்று விதிக்க யாருக்கு உரிமை, எதுவரை உரிமை என்ற கேள்வி அன்றிலிருந்து என்னோடு இருக்கிறது. எந்த விதியுமே கூடாது என்று ஒரே வரியில் முடித்துவிட எனக்கு மனமில்லை. உடை விதியால் ஒரு பெரிய நன்மையும் நடக்கிறது. ஹஜ்ஜுக்குப் போகும் ஆண்கள் இஹ்ராம் என்று தைக்காத இரண்டு வெள்ளைத் துணிகளை உடுத்துகிறார்கள். முதலாளியும் அவரிடம் வேலை பார்ப்பவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் யார் யார் என்று துணியை வைத்துச் சொல்ல முடியாது. சபரிமலைக்கு மாலை போட்டவர் கறுப்போ நீலமோ கட்டியதும், வீட்டிலும் கடையிலும் வேலை செய்யும் இடத்திலும் "சாமி" ஆகிவிடுகிறார். இரண்டும் அவரவர் நம்பிக்கையோடு ஏற்கும் கோலம். இரண்டுக்கும் காலவரை உண்டு. உடை அங்கே மனிதர்களை ஒரே வரிசையில் நிறுத்துகிறது. உடை விதிகளுக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் வலுவான வாதம் இதுதான். மற்ற வாதங்களை இதன் பக்கத்தில் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்த விவகாரம் சூடுபிடித்தது 2015 நவம்பரில். திருச்சி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் கோயில் விழாவுக்கு ஆடல் பாடல் நிகழ்ச்சி நடத்த அனுமதி கேட்டு வந்த வழக்கில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி எஸ். வைத்தியநாதன், கேட்கப்படாத ஒன்றையும் சேர்த்து உத்தரவிட்டார். 2016 ஜனவரி 1 முதல் கோயிலுக்கு வரும் ஆண்கள் வேட்டி சட்டையோ பைஜாமாவோ முறையான பேண்ட் சட்டையோ அணிய வேண்டும். பெண்களுக்குப் புடவை, பாவாடை தாவணி, துப்பட்டாவோடு சுடிதார். குழந்தைகளுக்கு உடலை முழுக்க மூடும் உடை. புத்தாண்டு அன்று பல பெரிய கோயில்களில் பலகைகள் ஏறின. லுங்கி, பெர்முடா, ஜீன்ஸ், லெக்கின்ஸ் அணிந்து வந்தவர்கள் தடுக்கப்பட்டார்கள். அந்த மாதத்திலேயே இரு நீதிபதிகள் அமர்வு உத்தரவை நிறுத்திவைத்தது.

அந்தப் பட்டியலை இன்று எடுத்து வைத்து நிதானமாகப் படித்தால், மரபு என்ற பெயரில் அது காப்பது மரபை அல்ல என்பது தெரியும். பேண்ட் சட்டை வெள்ளைக்காரன் ஆட்சியில் அலுவலகம் வழியாக நம்மிடம் வந்தது. அதற்கு அனுமதி உண்டு. பைஜாமாவும் சுடிதாரும் வடக்கிலிருந்து வந்தவை. அவற்றுக்கும் உண்டு. கைலிக்கு இல்லை. ஒரு வேட்டியையும் ஒரு கைலியையும் கொடியில் பக்கத்தில் பக்கத்தில் காயப்போட்டுப் பாருங்கள். இரண்டும் இடுப்பில் சுற்றுவதுதான், இரண்டும் கணுக்கால் வரை இறங்குவதுதான். ஒன்று வெள்ளை, கரை போட்டது. மற்றது கட்டம் போட்டது, ஓரம் மூட்டியது. உடலை மறைப்பதில் இரண்டுக்கும் ஓர் அங்குல வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் அதை யார் கட்டுகிறார்கள் என்பதில் இருக்கிறது. மூட்டை தூக்குகிறவரும் மீன் விற்கிறவரும் வண்டி ஓட்டுகிறவரும் வேலை நேரத்தில் கட்டுவது கைலி. போகிற வழியில் கோயில் தெரிந்தால் அதோடுதான் உள்ளே நுழைய முடியும். வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வா என்பது, அவரைப் பொறுத்தவரை, இன்று வராதே என்பதுதான். இஹ்ராம் எந்த வேறுபாட்டை அழிக்கிறதோ, அதே வேறுபாட்டை இந்தப் பட்டியல் வாசலில் நிறுத்தி உறுதிப்படுத்தியது.

மரபு என்ற சொல்லையும் சும்மா விட முடியாது. ரவிக்கையோடு கட்டிய புடவைதான் இன்று அடக்கத்தின் அளவுகோல். திருவிதாங்கூரில் 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில், நாடார் பெண்களும் அவர்களைப் போல ஒடுக்கப்பட்ட மற்ற சாதிப் பெண்களும் மார்பை மறைப்பதே மரபு மீறலாக இருந்தது. தோள்சீலை போட்டதற்காகச் சந்தையில் துணி கிழிக்கப்பட்டது, வீடுகள் எரிந்தன. 1859இல் மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா மேலாடைக்கு அனுமதி தந்தபோதும், மேல்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் அணியக் கூடாது என்ற நிபந்தனை கூடவே வந்தது. மறைத்ததற்காக அன்று அடி வாங்கியவர்களின் வழிவந்த பெண்களிடம், இன்று சரியாக மறைக்கவில்லை என்று வாசலில் சொல்கிறோம். இரண்டு முறையும் சொல்லப்பட்ட காரணம் மரபு.

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் 2016 நவம்பர் கடைசியில், சுடிதாரோடு பெண்கள் உள்ளே வரலாம் என்று நிர்வாக அதிகாரி அறிவித்தார். எதிர்ப்பு எழுந்தது. அடுத்த மாதமே கேரள உயர் நீதிமன்றம், இதில் முடிவெடுக்கும் அதிகாரம் தலைமைப் பூசாரியான தந்திரிக்குத்தான், அதிகாரிக்கு இல்லை என்றது. யாருக்கு அதிகாரம் என்ற சட்டக் கேள்வியில் அந்தத் தீர்ப்புக்கு நியாயம் இருக்கலாம். அங்கே நடைமுறையில் நடப்பதைப் பாருங்கள். சுடிதார் அணிந்து வந்த பெண், கோயிலுக்கு வெளியே கேரள வேட்டியான முண்டு ஒன்றை வாடகைக்கு வாங்கிச் சுடிதாருக்கு மேலேயே இடுப்பில் சுற்றிக்கொண்டு உள்ளே போகிறார். சுடிதார் உள்ளேயேதான் இருக்கிறது. சன்னிதியின் தூய்மைக்குச் சுடிதார் கேடு என்றால் முண்டு சுற்றியதால் அது நீங்கியிருக்காது. கேடு இல்லை என்றால் முண்டு எதற்கு? விதிக்குக் கீழ்ப்படிந்தார் என்பதற்கு அடையாளமாக மட்டும் அந்தத் துணி மிஞ்சுகிறது.

அப்பா கழற்றாத சட்டைக்கு வருகிறேன். 2024 டிசம்பர் 31 அன்று கேரளத்தின் சிவகிரி தீர்த்தாடன விழாவில், சிவகிரி மடத்தின் தலைவர் சுவாமி சச்சிதானந்தா, ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் போகும் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்றார். பூணூல் இருக்கிறதா என்று பார்க்கவே அந்த வழக்கம் வந்தது என்பது அவர் வாதம். அதே மேடையில் இருந்த முதல்வர் பினராயி விஜயன் அதை ஆதரித்தார். நாயர் சர்வீஸ் சொசைட்டியின் பொதுச் செயலாளர் சுகுமாரன் நாயர் கடுமையாக எதிர்த்தார்.

சுவாமி சொன்ன காரணத்தை முழு வரலாறாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. யாழ்ப்பாணம் நல்லூர் கந்தசுவாமி கோயிலிலும் ஆண்கள் மேலாடையின்றித்தான் போகிறார்கள். பூணூல் ஒன்றை வைத்தே எல்லா ஊரையும் விளக்கிவிட முடியாது. உயர்ந்தவர் முன்னால் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டுவது நம் பக்கத்துப் பழைய வழக்கம். பண்ணையார் முன்னால் அதைச் செய்தார்கள், அரசன் முன்னால் செய்தார்கள், தெய்வத்தின் முன்னாலும் செய்தார்கள். 1750இல் அந்தப் பெயரில் முந்தைய மன்னரான மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபனுக்கு எழுதிவைத்த திருவிதாங்கூரில் தெய்வமே அரசன் ஆகிவிட்டது. வழக்கத்தின் வேர் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் வேர் எதுவானாலும் விளைவு சுவாமி சொன்னதுதான்: திறந்த மார்பில் பூணூல் தெரியும், இல்லாததும் தெரியும். பண்ணையார் முன்னால் துண்டை இடுப்பில் கட்டுவதை அவமானம் என்று ஒழித்த நாம், சன்னிதி முன்னால் மட்டும் அதையே கட்டாயமாக வைத்திருக்கிறோம். விரும்பிச் செய்தால் அது பணிவு. பலகை போட்டுச் செய்யவைத்தால் அதற்குப் பணிவு என்று பேர் சொல்ல முடியாது.

கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் சாமிதோப்பில் இந்த வரலாறு தலைகீழாகக் கிடக்கிறது. தலையில் துண்டு கட்டுவதே மறுக்கப்பட்டிருந்த மக்களிடம், அய்யா வைகுண்டர் தலைப்பாகை கட்டி வந்து கும்பிடச் சொன்னார். இன்றும் பதி எனப்படும் அந்த வழிபாட்டிடத்துக்குள் ஆண்கள் தலைப்பாகையோடுதான் போகிறார்கள். எனக்குத் தெரிந்த உடை விதிகளில் மிகவும் அழகானது அதுதான். ஆனால் அங்கும் சட்டையைக் கழற்ற வேண்டும். தலையை நிமிர்த்திய இடமே மார்பைத் திறக்கச் சொல்கிறது. அய்யா காலத்தில் அந்த மக்களிடம் கழற்றச் சட்டையே இருந்திருக்காது; அப்போது அது ஒரு நிபந்தனையாகவே பட்டிருக்காது. இன்று அது ஒரு நிபந்தனை.

உடை விதி வைத்திருப்பது உறுப்பினர்கள் தாமாகச் சேர்ந்த சபை என்றால், பிடிக்காதவர் விலகலாம் என்று சிலர் சொல்வார்கள். வெள்ளை உடுத்தி, நகையைக் கழற்றி வைத்துவிட்டு வரும் பெந்தெகொஸ்தே விசுவாசிகளைப் பற்றி அப்படிச் சொல்வதுண்டு. சேர்ந்தவருக்கு அது சரி. அந்தச் சபைக்குள் பிறந்த பதினான்கு வயதுப் பெண்ணுக்கு விலகுவது என்றால் வீட்டை விட்டு விலகுவது. யெகோவாவின் சாட்சிகளின் ஆளும் குழு 2023 டிசம்பரில் ஆண்கள் தாடி வைப்பதைத் தடையின்றி ஏற்றது. 2024 மார்ச்சில் பெண்கள் கூட்டங்களுக்குப் பேண்ட் அணியலாம் என்றும், ஆண்களுக்குக் கோட்டும் டையும் கட்டாயமில்லை என்றும் சொன்னது. பல பத்தாண்டுகள் பக்தியின் அளவாக இருந்தவை இரண்டு அறிவிப்புகளில் அகன்றன. அகன்றது நல்லது. அவை எப்போதும் மனிதர் போட்டவைதான் என்பதும் அதனால் வெளிப்பட்டது.

என் தீர்ப்பு இதுதான். கூடிக் கும்பிடும் இடத்துக்கு ஓர் ஒழுங்கு கேட்கும் உரிமை உண்டு. 1947ஆம் ஆண்டின் ஆலய நுழைவுச் சட்டமே ஒழுங்கைக் காக்க விதி செய்ய இடம் கொடுக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் பெயரில் இருப்பது நுழைவு. ஒழுங்கு அதற்கு அடங்கியதுதான். வந்தவரைத் திருப்பி அனுப்பும் விதி அந்தச் சட்டத்தின் உயிருக்கே எதிரானது. கேட்பதை வாசலிலேயே இலவசமாகக் கொடுக்க முடியாத இடம் அதைக் கேட்கக் கூடாது. சென்னை தியாகராய நகர் குருத்வாராவில் தலையை மூடாமல் யாரும் உள்ளே போக முடியாது; ஆண், பெண், பணக்காரர், ஏழை, மதம் எந்த விலக்கும் கிடையாது. அவ்வளவு கண்டிப்பான விதி. ஆனால் தலைக்குத் துணியில்லாமல் வந்தவருக்கு அங்கேயே துணி கிடைக்கிறது. எடுத்துக் கட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டியதுதான். கண்டிப்பு என்னைத் தொந்தரவு செய்யவில்லை. கண்டிப்போடு கை நீட்டித் துணி கொடுப்பதும் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

உடலை மூடச் சொல்லும் விதியைக் கைலி, வேட்டி என்று பேர் சொல்லிப் பிரிக்காமல், துணியைக் கையில் கொடுத்துக் கேட்டால் ஏற்கலாம். உடலைத் திறக்கச் சொல்லும் கட்டாயம் எந்தச் சன்னிதியிலும் போக வேண்டும். தந்திரி சொன்னாலும், வழக்கம் சொன்னாலும், பெரும்பாலோர் மகிழ்ச்சியாகக் கழற்றினாலும் போக வேண்டும். தழும்பு உள்ளவரும், தோலில் வெண்புள்ளி படர்ந்தவரும், மார்பு பெருத்ததற்காகப் பள்ளியில் கேலிக்கு ஆளான பையனும் அந்தப் பெரும்பாலோரில் இல்லை. அவர்கள் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள், அல்லது வராமலே இருந்துவிடுகிறார்கள். யாரும் அவர்களைக் கணக்கெடுப்பதில்லை.

அன்று நான் தரிசனம் முடித்துக் குங்குமத்தோடு திரும்பியபோது, அப்பா கொடிமரத்தைப் பார்த்தபடி தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியில் இட்டுவிட்டேன். "அம்மன் எப்படி இருந்தா? மூக்குத்தி தெரிஞ்சுதா?" என்று கேட்டார். தெரிந்தது என்றேன். அப்பாவுக்கு இப்போது 74 வயது. அந்த மூக்குத்தியை அவர் இன்னும் பார்க்கவில்லை.