எட்டாம் எண் அடிக்காதது சரிதான்

நன்றாக ஆடிவிட்டுப் புள்ளிகளைக் கோட்டைவிடும் நம் அணிக்கு எல்லோரும் ஒரே வைத்தியம்தான் சொல்கிறார்கள்: பாக்ஸ் அருகே இடம் கிடைத்தால் அடி. நடுக்களத்தில் எட்டாம் எண் சட்டைக்காரர் பந்தை வாங்கித் திரும்பியதுமே கேலரியில் "அடிடா!" என்ற கத்தல் கிளம்புகிறது. அவர் அடிப்பதில்லை. வலப்புறம் ஏறிவரும் விங்பேக்குக்குத் தள்ளிவிடுகிறார். உடனே உச்சுக்கொட்டல். துணிச்சல் இல்லாதவர் என்ற பெயரும் வாங்கிவிட்டார்.

இந்த அநியாயத்தைப் பொறுக்க முடியவில்லை. கோலுக்குப் போகும் வழி நம் பதினோரு பேரில் அவருக்குத்தான் தெளிவாகத் தெரிகிறது.

பாக்ஸுக்கு வெளியிலிருந்து அடிக்கும் பந்துகளில் நூற்றுக்கு மூன்று, நான்குதான் வலைக்குள் போகும். பெரிய லீக்குகளின் கணக்கு ஏறக்குறைய இதுதான். எண்ட் லைனிலிருந்து பின்னோக்கி வரும் கட்பேக்கின் கதையே வேறு. அந்த நொடியில் தடுப்பாட்டக்காரர்கள் தங்கள் கோலைப் பார்த்து ஓடிக்கொண்டிருப்பார்கள்; பந்து முதுகுப் பக்கம் போகும்போது திரும்ப நேரமிருக்காது. கீப்பர் கிட்டத்துப் போஸ்ட்டை ஒட்டி நிற்பார். பந்துக்குப் பின்னால் நின்று வாங்குபவருக்கு ஆஃப்சைடும் கிடையாது. 11 மீட்டர் தூரத்தில், 7.32 மீட்டர் அகலக் கோலில் பெரும்பகுதி திறந்து கிடக்கும்.

விங்பேக்குக்குத் தள்ளிவிட்டு எட்டு தேடுவது அந்தப் பந்தைத்தான். அது வரவும் செய்கிறது, ஆட்டத்துக்கு ஆட்டம். வாங்கத்தான் ஆளில்லை! நம் இரண்டு ஸ்ட்ரைக்கர்களும் ஒரே மூச்சில் கோல் வாய்க்குள் புகுந்து தடுப்பாட்டக்காரர்களோடு ஒட்டிக்கொள்கிறார்கள். பெனால்டி புள்ளி காலி. ஒருவர் வேகத்தைக் குறைத்து அங்கேயே நின்றால் போதும். ஃபினிஷிங் சரியில்லை என்று புலம்புகிறவர்கள் அடித்த பந்துகளை மட்டுமே எண்ணுகிறார்கள். தொட ஆளின்றிப் பாக்ஸைக் கடந்துபோனவற்றை யாரும் எண்ணுவதில்லை. வழக்கமான எக்ஸ்ஜி (எதிர்பார்க்கப்படும் கோல்கள்) கணக்கும், ஒருவர் அடித்தால்தான் ஏறும்.

2020-21 பருவத்தில் இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் ஒரு கடலோர அணி இதே ஏச்சை வாங்கியது. எக்ஸ்ஜியில் மேல்பாதி, பட்டியலில் 16-ஆவது இடம். பயிற்சியாளரை மாற்றவில்லை, பந்தைப் பொறுமையாக நகர்த்தும் முறையையும் கைவிடவில்லை. அடுத்த பருவம் 9-ஆவது.

நமக்கும் அது நடக்கும். ஜனவரிக்குள் பயிற்சியாளர் இளைய ஸ்ட்ரைக்கரைப் பெனால்டி புள்ளியில் நிறுத்திவிடுவார். டிராக்கள் வெற்றிகளாகும், முதல் ஆறு இடங்களுக்குள் முடிப்போம். அப்போதும் எட்டாம் எண்ணுக்கு அசிஸ்ட் அதிகம் சேராது. கடைசிக்கு முந்தைய பாஸ்தானே அவருடையது! விருதெல்லாம் ஸ்ட்ரைக்கருக்கே போகும், போகட்டும். என் பயம் ஒன்றுதான். கேலரியின் சத்தத்துக்குப் பயந்து நிர்வாகம் அவரை இடையில் விற்றுவிடக் கூடாது. விற்றால், அவரை வாங்கும் அணி அடுத்த பருவத்தில் நம்மை இரண்டு ஆட்டத்திலும் வெல்லும், இதே கட்பேக்கால்.